பெங்கால் பூனைகள்: இனப்பெருக்கமும் காட்சியும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டி வேண்டும் என்று கேட்டு வருபவர்களும், தங்கள் பூனையைக் காட்சிக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்களும், இனப்பெருக்கத்தில் இறங்கலாமா என்று தயங்குகிறவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருப்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதிவைத்திருக்கிறேன். காட்சி விதிகளைச் சொல்லும் இடங்களில், டிகா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேசப் பூனைச் சங்கத்தின் விதிகளையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். பெங்கால் இனம் நிலைபெற்றது அந்தச் சங்கத்தின் பதிவேட்டில்தான்.

பெங்கால் பூனை காட்டு விலங்கா, வீட்டுப் பூனையா?

வீட்டுப் பூனை. அதன் முன்னோர்களில் ஆசியச் சிறுத்தைப் பூனை என்ற சிறிய காட்டு விலங்கு இருந்தது என்பது உண்மை. ஆனால் இன்று காட்சிகளிலும் வீடுகளிலும் நாம் காணும் பெங்கால், பல தலைமுறைகளாகப் பெங்காலோடு பெங்கால் சேர்ந்து பிறந்தது. மடியில் உறங்கும், மணல் தட்டைப் பயன்படுத்தும், பெயர் சொல்லி அழைத்தால் ஓடிவரும். ‘சிறுத்தையை வீட்டில் வளர்க்கிறேன்’ என்று பெருமை பேசுவதற்காக இந்தப் பூனையைத் தேடுகிறவர்களுக்கு நான் குட்டி கொடுப்பதில்லை. அவர்கள் விரும்புவது பூனையை அன்று, அதைப் பற்றிய ஒரு கதையை. கதை அலுத்துப்போகும் நாளில் பூனை தெருவுக்கு வந்துவிடுகிறது.

பெயரைப் பார்த்தால் வங்காளத்திலிருந்து வந்ததுபோல் தோன்றுகிறதே?

இந்த இனம் உருவானது அமெரிக்காவில். சிறுத்தைப் பூனையின் அறிவியல் பெயரான பிரியோனைலூரஸ் பெங்காலென்சிஸ் என்பதில் உள்ள ‘பெங்காலென்சிஸ்’ என்ற சொல்லிலிருந்து இனத்தின் பெயர் எடுக்கப்பட்டது. அந்தச் சிறப்பினப் பெயரை 1792இல் சூட்டியவர் ராபர்ட் கெர். அந்தக் காட்டுப் பூனை வங்காளத்தில் மட்டும் வாழ்வதும் அன்று. ஆசியாவின் பெரும்பரப்பில், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும்கூட அது உண்டு. அளவில் வீட்டுப் பூனையை ஒத்த, இரவில் நடமாடும், மனிதரைக் கண்டால் ஒதுங்கும் விலங்கு அது.

இந்த இனத்தை உருவாக்கியவர் யார்? இந்தியாவுக்கு இதில் பங்கு உண்டா?

ஜீன் மில் என்ற அமெரிக்கப் பெண்மணியே இந்த இனத்தின் தாய் என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிறுத்தைப் பூனைகள் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்பட்டன. அவ்வாறு தம்மிடம் வந்த ஒரு பெட்டைச் சிறுத்தைப் பூனைக்குத் துணையாக அவர் விட்டிருந்த கறுப்பு நாட்டுக் கடுவனோடு (ஆண் பூனையோடு) அது இணைந்து, 1963இல் கலப்புக் குட்டி பிறந்தது. குடும்பச் சூழ்நிலையால் அந்த முயற்சி நின்றுபோயிற்று. பிறகு 1980இல், பூனை லுக்கீமியா வைரஸைச் சிறுத்தைப் பூனைகள் எதிர்த்து நிற்கின்றனவா என்று ஆராய்ந்துவந்த டாக்டர் வில்லர்ட் சென்டர்வால், தம் ஆய்வில் பிறந்த கலப்புப் பெட்டைகளை அவரிடம் ஒப்படைத்தார். இன்றைய பெங்கால் வரிசை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தியாவின் பங்கு 1982இல் வருகிறது. டெல்லி உயிரியல் பூங்காவுக்கு வந்திருந்த ஜீன் மில்லின் கண்ணில், காண்டாமிருகத்தின் அடைப்பில் திரிந்துகொண்டிருந்த ஒரு தெருப்பூனை பட்டது. பொன்னிற உடல், அடர்ந்த புள்ளிகள், வெயில் பட்டால் மினுங்கும் மயிர். அதை அவர் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். ‘மில்வுட் டோரி ஆஃப் டெல்லி’ என்ற பெயரில் அது பதிவேட்டில் ஏறியது. இன்று பெங்கால் பூனைகளின் மயிரில் ‘கிளிட்டர்’ என்று போற்றப்படும் பொன்மினுக்கம் அந்தப் பூனையின் வழியே வந்ததாகவே வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். உலகமெங்கும் பரிசு வாங்கும் பூனைகளின் மினுமினுப்பு, நம் ஊர்த் தெருவில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு பூனையிடமிருந்து வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

டிகா சங்கம் 1991இல் பெங்காலுக்குச் சாம்பியன்ஷிப் தகுதி, அதாவது காட்சிகளில் பட்டத்துக்குப் போட்டியிடும் உரிமை, வழங்கியது. அமெரிக்காவின் பழைய பதிவுச் சங்கமான சி.எஃப்.ஏ. 2016இல்தான் இந்த இனத்தை ஏற்றுக்கொண்டது.

எஃப்1, எஃப்2, எஸ்.பி.டி. என்றால் என்ன?

சிறுத்தைப் பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் நேரடியாகப் பிறந்தது எஃப்1. எஃப்1 பெட்டைக்கும் பெங்கால் கடுவனுக்கும் பிறந்தது எஃப்2. அதற்கு அடுத்தது எஃப்3. இந்த மூன்றும் அடித்தளத் தலைமுறைகள் எனப்படும். நான்காம் தலைமுறையிலிருந்து, முன்னோர் வரிசையில் மூன்று தலைமுறைகள் பெங்காலாகவே இருந்தால், அந்தப் பூனை எஸ்.பி.டி., அதாவது தூய வம்சப் பூனை, எனப் பதிவாகும். சாம்பியன்ஷிப் வகுப்பில் நிற்க எஸ்.பி.டி. பூனைக்கு மட்டுமே உரிமை உண்டு.

இரு விலங்குகளுக்கும் 38 குரோமோசோம்களே இருப்பதால் கலப்பு நிகழ்கிறது. ஆனால் அவற்றின் வம்சங்கள் பிரிந்து ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டதால் கலப்பு முழுமையாக இசைவதில்லை. முதல் மூன்று தலைமுறைக் கடுவன்கள் பெரும்பாலும் மலடாகவே பிறக்கும். பெட்டைகளுக்கே கருவுறும் திறன் இருக்கும். அடித்தளத் தலைமுறைகள் பெட்டையின் வழியாக மட்டுமே முன்னேறியதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் எஃப்1 அல்லது எஃப்2 வாங்குவது மேலானதல்லவா? காட்டு இரத்தம் கூடினால் அழகும் கூடும் என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் எனக்கு முக்கியமானது இதுதான். விற்பவர்கள் எஃப் என்ற எழுத்தை விலைச்சீட்டாகப் பயன்படுத்துகிறார்கள். வாங்குபவரும் எண் குறையக் குறைய ‘அசல்’ என்று நம்பிவிடுகிறார். நடப்பு வேறு. எஃப்1 பூனை பெரும்பாலும் ஒரே ஆளிடம்தான் ஒட்டும். விருந்தாளி வந்தால் நாள்முழுதும் ஒளிந்துகொள்ளும். மணல் தட்டைக் கைவிட்டு, ஓடையில் கழிக்கும் தன் காட்டு முன்னோரைப்போல நீரைத் தேடும். கதவு, படுக்கை, அடுப்படி என்று எங்கும் சிறுநீர் தெளிக்கும். அந்தப் பூனைமீது குற்றமில்லை. அது பாதி காட்டு விலங்கு; வீடு அதற்குச் சிறை.

அழகைப் பற்றிய நம்பிக்கையும் தவறு. ஏறத்தாழ ஆயிரம் பெங்கால் பூனைகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, இன்றைய பெங்காலின் மரபணுத் தொகுதியில் சிறுத்தைப் பூனையின் பங்கு சராசரியாக 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்டியது. அதைவிட வியப்பான முடிவும் அதில் உண்டு: பெங்காலின் சிறுத்தைத் தோற்றத்துக்குக் காரணமானவை பெரும்பாலும் வீட்டுப் பூனைகளிடம் முன்பே சிதறிக்கிடந்த மரபணு வேறுபாடுகளே, வளர்ப்பவர்கள் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்ததால் அவை ஒன்றுதிரண்டன. பொன்மினுக்கமும் அவ்வாறே வீட்டுப் பூனையின் சொத்துதான். ஆகவே நல்ல புள்ளிக்காகக் காட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய தேவையே இல்லை. நல்ல கண்ணும் பொறுமையும் உள்ள வளர்ப்பாளர், எட்டுத் தலைமுறை தாண்டிய மென்மையான இரண்டு பூனைகளிடமிருந்து, எந்த எஃப்2வையும்விடச் சிறுத்தை போன்ற குட்டியைப் பெறுவார். நான் அதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

நிறங்களும் வடிவங்களும் எத்தனை?

வடிவம் இரண்டு: புள்ளி, மார்பிள். புள்ளிகளில் ஒற்றை நிறப் புள்ளியைவிட, நடுவில் ஒரு நிறமும் விளிம்பில் அடர் நிறமும் கொண்ட ரோசெட் உயர்வாக மதிக்கப்படுகிறது. ரோசெட்டிலும் பாதச்சுவடு போன்றது, அம்புமுனை போன்றது, முழு வளையமாகச் சூழ்ந்தது என்று வேறுபாடுகள் உண்டு. மார்பிள் என்பது பளிங்கில் ஓடும் கோடுகளைப்போல உடலின் நெடுக்கில் ஒழுகும் வடிவம். அது ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளிப்படும். எனவே இரண்டு புள்ளிப் பூனைகளுக்கு மார்பிள் குட்டி பிறக்கலாம், இரண்டு மார்பிள் பூனைகளுக்குப் புள்ளிக் குட்டி பிறக்காது.

நிறங்களில் பழுப்பு மிகப் பரவலானது. வெள்ளி நிறமும் உண்டு. ‘ஸ்னோ’ எனப்படும் வெண்ணிறப் பூனைகள் மூன்று வகை: சயாமிய மரபணு இரண்டு சேர்ந்தால் நீலக்கண் கொண்ட லிங்க்ஸ், பர்மிய மரபணு இரண்டு சேர்ந்தால் செபியா, ஒவ்வொன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மிங்க். இனம் உருவான காலத்தில் கலந்த பூனைகளின் நினைவு இவற்றில் தங்கியிருக்கிறது. சார்கோல் எனப்படும் கரிநிறப் பூனைக்கு முகமூடி போன்ற முகமும் முதுகில் போர்வை போன்ற கருமையும் இருக்கும். சிறுத்தைப் பூனையிடமிருந்து வந்த ஒரு மரபணுவும், கறுப்பு வீட்டுப் பூனையிடமிருந்து வந்த இன்னொன்றும் ஒரே பூனையில் சந்திக்கும்போது இந்தத் தோற்றம் வருகிறது. காட்டு முன்னோரின் மரபணு நேரடியாகக் கண்ணுக்குத் தெரியும் அரிய இடம் இது.

பிறந்தபோது தெளிவாக இருந்த புள்ளிகள் இரண்டு மாதத்தில் மங்கிவிட்டன. ஏமாற்றப்பட்டேனா?

இல்லை. பெங்கால் குட்டிகளுக்கு மூன்று, நான்கு வார வயதில் நீண்ட சாம்பல் நிற மயிர் முளைத்துப் புள்ளிகளை மூடிவிடும். காட்டில் குட்டிகள் மறைந்திருக்க உதவிய போர்வை அது என்று கருதப்படுகிறது. மூன்று, நான்கு மாதங்களில் அது உதிரத் தொடங்கும். இந்தப் பருவத்தில் எந்தக் குட்டி காட்சிக்குத் தேறும் என்று உறுதி கூறுபவரை நம்ப வேண்டாம். நான் பிறந்த முதல் வாரத்தில் எடுத்த படத்தையும் நான்காம் மாதப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்கிறேன்.

காட்சியில் நடுவர் எதற்கு மதிப்பெண் தருகிறார்?

டிகாவின் இன அளவுகோலில் தலைக்கு 35, உடலுக்கு 30, மயிர், நிறம், வடிவம் ஆகியவற்றுக்கு 35 என 100 மதிப்பெண்கள் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கின்றன. புதிதாக வருபவர்கள் ரோசெட்டை மட்டும் பார்த்துப் பூனையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நடுவர் மேசையில் ஏமாந்துபோவதற்குக் காரணம் இந்தக் கணக்கை மறப்பதுதான். உடம்பெங்கும் ரோசெட் மலர்ந்திருக்கும் பூனைக்கு மெல்லிய வாலும், உயர்ந்த கூரான காதும், ஒட்டிய மோவாயும் இருந்தால், அதைவிட எளிய புள்ளிகளோடு நல்ல தலை வாய்ந்த பூனையே முந்தும்.

தலை உடலுக்குச் சற்றுச் சிறியதாக, காதுகள் சிறியனவாக நுனியில் வட்டமாக, மீசை மேடுகள் புடைத்து இருக்க வேண்டும். உடல் நீண்டு, தசை திரண்டு, எலும்பு வலுவாக இருக்க வேண்டும். பின்பகுதி முன்பகுதியைவிடச் சற்று உயர்ந்திருக்கும். வால் தடித்து, நுனி கறுத்திருக்க வேண்டும். புள்ளிகள் அடுக்கற்றோ நெடுக்குவாட்டிலோ பரவ வேண்டும். மேலிருந்து கீழாகக் கோடுபோல் இணைந்தால் அது குறை. கழுத்திலோ மார்பிலோ வயிற்றிலோ தனித்த வெள்ளைத் திட்டு இருந்தாலும் குறைதான். வயிற்றில் புள்ளியோ வடிவமோ இல்லாத பூனைக்கு எந்த விருதும் கிடையாது.

குணத்துக்கு மதிப்பெண் உண்டா?

மதிப்பெண் இல்லை, ஆனால் அதைவிடக் கடுமையான விதி உண்டு. பூனை அஞ்சலாம், நழுவி ஓட முயலலாம், உரக்க முறையிடலாம். ஆனால் தாக்கப்போவதாக மிரட்டக்கூடாது. தெளிவாக மிரட்டினால் தகுதி நீக்கம். காட்டு முன்னோர் உள்ள இனத்துக்கு இந்த விதி எவ்வளவு தேவையானது என்பதை ஒவ்வொரு வளர்ப்பாளரும் உணர வேண்டும். எத்தனை அழகிய கடுவனாக இருந்தாலும் கடிக்கும் கடுவனை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடாது. மடியில் உட்காரும் குணத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை நாம் காப்பாற்றிக் கொடுத்தால்தான் அது இருக்கும்.

காட்சி நாள் எப்படி நடக்கும்?

நான்கு மாதம் நிரம்பி எட்டு மாதம் ஆகாதவை குட்டி வகுப்பிலும், எட்டு மாதம் நிரம்பியவை சாம்பியன்ஷிப் வகுப்பிலும், கருத்தடை செய்யப்பட்ட பெரிய பூனைகள் தங்களுக்குரிய தனி வகுப்பிலும் நிற்கும். அரங்கில் பல வளையங்கள் இருக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு நடுவர், ஒவ்வொருவர் தீர்ப்பும் தனி. காலையில் ஒரு நடுவர் முதலிடம் கொடுத்த பூனையை மாலையில் வேறொருவர் இறுதிச்சுற்றுக்கே எடுக்காமல் விடுவது வழக்கமானதுதான். அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போகக்கூடாது. உங்கள் எண் அழைக்கப்பட்டதும் பூனையை அந்த வளையத்தின் கூண்டில் விட்டுவிட்டுப் பார்வையாளர் நாற்காலிக்குப் போய்விட வேண்டும். நடுவர் அதைத் தூக்கி, நீட்டி, தடவி, இறகுக் குச்சியைக் காட்டி விளையாட்டுக் காட்டிப் பார்ப்பார். இறுதிச்சுற்றில் முதல் பத்து இடங்களுக்கு ரிப்பன் உண்டு. சேரும் மதிப்பெண்களைப் பொறுத்துச் சாம்பியன், கிராண்ட் சாம்பியன் எனப் பட்டங்கள் ஏறி, உச்சியில் சுப்ரீம் கிராண்ட் சாம்பியன் பட்டம் வரும்.

பூனையை எப்படித் தயார்செய்வது?

நகங்களை, முன்கால் பின்கால் இரண்டிலும், வெட்டியிருக்க வேண்டும். பெங்காலின் மயிர் குட்டையாக, உடலோடு படிந்து, தொட்டால் பட்டுபோல் வழுக்க வேண்டும் என்பதால், சில நாள் முன்னதாகவே குளிப்பாட்டிவிடுவது நல்லது. முந்தின நாள் குளிப்பாட்டினால் மயிர் எழும்பி நிற்கும். காலையில் ஈரமான மென்தோல் துண்டால் ஒருமுறை நீவினால் போதும். காட்சிக் கூண்டுக்குத் திரைச்சீலை, மணல் தட்டு, படுக்கை ஆகியவற்றை நீங்களே கொண்டுபோக வேண்டும்.

உண்மையான தயாரிப்பு வீட்டில், மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. எட்டு வாரக் குட்டியைத் தினமும் ஒரு மேசைமீது நிறுத்தி, வாலின் அடியிலிருந்து நுனிவரை தடவி, வாயைத் திறந்து பார்த்து, நெஞ்சுக்கடியில் ஒரு கையும் பின்காலுக்கடியில் ஒரு கையும் கொடுத்து நீட்டித் தூக்கிப் பழக்குவேன். வீட்டுக்கு வரும் உறவினர் அனைவரையும் அதைத் தூக்கச் சொல்வேன். அந்நியர் கை அதற்குப் புதிதாக இருக்கக்கூடாது.

இனப்பெருக்கம் தொடங்க விரும்புகிறேன். முதலில் ஒரு ஜோடி வாங்கலாமா?

ஜோடி வேண்டாம். நல்ல பெட்டை ஒன்று போதும். கருத்தடை செய்யாத கடுவன் தன் எல்லையைக் குறிக்கச் சிறுநீர் தெளித்துக்கொண்டே இருக்கும். அந்த நாற்றத்தோடு ஒரு குடும்பம் வாழ முடியாது. எனவே அதற்குத் தனி அறையோ வெளிக்கூடமோ கட்டியாக வேண்டும். பிறகு, மனிதரோடு இருக்க ஏங்கும் ஒரு பூனை தன் வாழ்நாளைத் தனிமையில் கழிக்கும். அந்தத் தனிமைக்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொல்ல இயலாதவர் கடுவன் வைத்துக்கொள்வது பாவம். தொடக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரின் கடுவனை, பரிசோதனைச் சான்றுகளைப் பார்த்து, எழுத்துப்பூர்வமான உடன்படிக்கையோடு பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டையைத் தேர்ந்தெடுக்க அவசரம் வேண்டாம். இனப்பெருக்க உரிமையோடு குட்டி கொடுக்கும் வளர்ப்பாளர் உங்களைக் கேள்விமேல் கேள்வி கேட்பார். கேட்காமல் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். அதற்குமுன் கருத்தடை செய்த ஒரு பெங்காலை வாங்கி ஓராண்டு காட்சிகளுக்குப் போய்வருவது மிகச் சிறந்த பள்ளிப்படிப்பு.

எந்தெந்தப் பரிசோதனைகள் கட்டாயம்?

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் மூன்றை நான் கட்டாயமாகவே கருதுகிறேன்.

முதலாவது, பி.ஆர்.ஏ.-பி எனப்படும் விழித்திரைச் சிதைவு. பாதிக்கப்பட்ட குட்டிக்குச் சுமார் 7 வார வயதிலேயே விழித்திரைச் செல்கள் அழியத் தொடங்கி, ஓராண்டுக்குள் பார்வை பெருமளவு போய்விடும். இரண்டாவது, பி.கே. என்ற நொதியின் குறைபாடு, இதில் சிவப்பணுக்கள் முன்கூட்டியே உடைந்து இரத்தசோகை வருகிறது. இரண்டுமே ஒடுங்கு மரபணு நோய்கள். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியைக் கொண்டே மரபணுச் சோதனை செய்துவிடலாம். எனவே இவற்றோடு ஒரு குட்டி இன்று பிறந்தால் அது வளர்ப்பவரின் கவனக்குறைவு என்றே சொல்வேன்.

மூன்றாவது, எச்.சி.எம். எனப்படும் இதயத்தசைத் தடிப்பு. இதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது. மெயின் கூன், ராக்டால் இனங்களில் இதற்குக் காரணமான மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. அந்தச் சோதனைகள் பெங்காலுக்குப் பயன்படாது. எனவே ‘எச்.சி.எம். மரபணுச் சோதனையில் தேறியது’ என்று ஒருவர் பெங்காலைக் காட்டினால் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. இதயநோய் வல்லுநரான கால்நடை மருத்துவர் எடுக்கும் எக்கோ பரிசோதனைதான் ஒரே வழி. அதையும் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும், ஏனெனில் இரண்டு வயதில் சீராக இருந்த இதயம் ஐந்து வயதில் தடித்திருக்கலாம். இவற்றோடு, பூனை லுக்கீமியா, பூனை எய்ட்ஸ் ஆகிய வைரஸ்களுக்கான சோதனை இல்லாமல் எந்தப் பூனையையும் உங்கள் வீட்டுக்குள்ளோ கடுவனிடமோ விடக்கூடாது.

என் பெட்டை பி.ஆர்.ஏ. கடத்தி (குறையுள்ள மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் பூனை) என்று முடிவு வந்திருக்கிறது. அதை விலக்கிவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. என் முதல் பெட்டையும் கடத்திதான். கொடுத்தவர் அதைச் சொல்லவில்லை, நானே சோதித்துத் தெரிந்துகொண்ட நாளில் மனமுடைந்துபோனேன். பிறகு கணக்கைப் படித்துத் தெளிந்தேன். கடத்திக்கு நோய் வராது. கடத்தியும் கடத்தியும் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோயுறும் வாய்ப்பு 25 விழுக்காடு. கடத்தியும் குறையற்ற பூனையும் சேர்ந்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. ஒவ்வொரு குட்டியும் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு பாதி. ஆகவே குறையற்ற கடுவனோடு மட்டும் சேர்த்து, குட்டிகளைச் சோதித்து, குறையற்ற ஒன்றை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். நல்ல குணமும் நல்ல இதயமும் உள்ள கடத்திகளையெல்லாம் ஒரேயடியாக விலக்கினால், ஏற்கெனவே குறுகிய அடித்தளத்தில் நிற்கும் இந்த இனம் இன்னும் நெருங்கிய உறவுக்குள் சுருங்கிவிடும். அது வேறு நோய்களுக்குக் கதவைத் திறக்கும்.

எந்த வயதில் சேர்க்கலாம்? சினைக்காலம் எவ்வளவு?

பெங்கால் பெட்டை ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். அது அப்போது குட்டிதான். ஒரு வயதாவது நிரம்பி, உடல் முழு வளர்ச்சி பெற்ற பிறகே சேர்க்க வேண்டும். பூனைகளில் கருமுட்டை இணைசேர்ந்த தூண்டுதலால்தான் வெளிப்படுகிறது. ஆகையால் ஓரிரு நாள் கடுவனோடு விட்டுப் பலமுறை சேரவிடுவது வழக்கம். சினைக்காலம் சுமார் 63 முதல் 66 நாள். நான் ஒரு பெட்டையிடம் இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்றுக்குமேல் எடுப்பதில்லை.

குட்டிகள் பிறந்ததும் என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு துல்லியமான எடைத் தராசு வாங்குங்கள். வேறு எந்தக் கருவியையும்விட அது அதிக உயிர்களைக் காக்கும். குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். ஒரு நாள் எடை கூடவில்லை என்றால் கவனம். குறைந்தால் அன்றே மருத்துவர். முதல் இரண்டு வாரம் நான் காலையும் இரவும் எடை எடுத்து நோட்டில் எழுதுகிறேன். மார்பைத் தடவிப் பார்ப்பதும் அவசியம்: சில பெங்கால் குட்டிகளுக்கு விலா தட்டையாகிவிடும் குறை உண்டு. பல குட்டிகளில் அது தானே சரியாகிவிடும், சிலவற்றில் மூச்சுத் திணறலில் முடியும். அந்தக் குறை வந்த குட்டியை இனப்பெருக்கத்துக்கு வைக்கக்கூடாது.

கண் ஏழு முதல் பத்து நாளில் திறக்கும். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையிலான காலமே குட்டி மனிதரை நம்பக் கற்கும் காலம். அந்த வாரங்களில் குட்டிகளை வீட்டின் நடுக்கூடத்தில் வளருங்கள். மிக்சியின் இரைச்சல், குக்கர் விசில், குழந்தைகளின் ஓட்டம், காலிங்பெல் எல்லாம் அதன் காதில் விழ வேண்டும். பின்னறையில் அடைத்து வளர்த்த குட்டிக்கு எவ்வளவு நல்ல வம்சாவளி இருந்தாலும் வெளி உலகம் பயமாகவே இருக்கும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரும். பன்னிரண்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது.

குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. குடற்புழு மருந்து கொடுத்தும் பயனில்லை. என்ன காரணம்?

பல பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் ட்ரைட்ரைக்கோமோனஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை முதலில் சந்தேகிக்க வேண்டும். பெங்கால் பூனைகளிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. சாதாரண மலச்சோதனையில் தப்பிவிடும், பி.சி.ஆர். சோதனை கேளுங்கள். இதற்குப் பயன்படும் ரோனிடசோல் மருந்து அளவு மீறினால் நரம்பைப் பாதிக்கும் என்பதால் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் கொடுக்கவே கூடாது.

குட்டியை விற்கும்போது ஒப்பந்தம் தேவையா?

தேவை. செல்லப்பிராணியாகப் போகும் குட்டிக்குக் கருத்தடை நிபந்தனை, மைக்ரோசிப் எண், பெற்றோரின் சோதனை முடிவுகள், எந்த வயதில் எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்ற உறுதி ஆகிய நான்கும் என் ஒப்பந்தத்தில் இருக்கும். கடைசி நிபந்தனையின்படி ஒன்பது வயதுப் பூனை ஒன்று என்னிடம் திரும்பி வந்தது. வாசலில் கூடையைத் திறந்ததும் தான் பிறந்த அறைக்கு நேராக நடந்துபோயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

இடத்துக்கு இடம் மாறுபடும். வாங்குமுன் உள்ளூர் விதியைப் பாருங்கள். அமெரிக்காவின் ஹவாயில் பெங்காலுக்கு அனுமதியே இல்லை. நியூயார்க் மாநிலத்தில் காட்டு முன்னோரிலிருந்து குறைந்தது ஐந்து தலைமுறை விலகியிருக்க வேண்டும். இந்தியாவில் சிறுத்தைப் பூனை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் கடுங்குற்றம். மலையோரத் தோட்டங்களில் தேயிலைச் செடிகளுக்கிடையே புள்ளியுள்ள குட்டிகளைக் காண்பவர்கள் ‘பெங்கால் குட்டி’ என்று எண்ணி எடுத்துவந்துவிடுவது உண்டு. தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். தொடாமல் விலகி, வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

இனப்பெருக்கம் முடிந்த பெட்டையை என்ன செய்வது?

ஐந்து வயதை ஒட்டிக் கருத்தடை செய்துவிடுவது நல்லது. கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் குறையும். அதன்பின் அதை வைத்துக்கொள்வதா வேறு வீட்டுக்குக் கொடுப்பதா என்பதைப் பூனையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இளம் பெட்டைகளோடு ஒத்துப்போகாமல் அலமாரியின் மேலேயே பொழுதைக் கழிக்கும் பூனைக்கு, தனக்கே தனக்கென்று ஒரு மனிதர் கிடைப்பது நல்வாழ்வு. என் முதல் பெட்டையை அப்படித்தான் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையிடம் கொடுத்தேன். கருத்தடைப் பூனைகளின் வகுப்பில் அதைக் காட்சிக்கு நிறுத்த அவர் விரும்பினார். இப்போது அவர்கள் இருவரும் அரங்கில் எனக்கு இரண்டு கூண்டு தள்ளி உட்காருகிறார்கள்.